அடைத்த பிறகு வந்த கடிதம்

மார்ச் 4

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுவது. நான் நலம். உன் அண்ணனும் கப்பலில் நலமாக இருப்பதாகப் போன வாரம் எழுதியிருந்தார். நீ அந்தக் காட்டு முகாமில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை வௌவாலுக்குப் போட்டியாக ராத்திரி முழுக்க முழித்துவிட்டுப் பகலெல்லாம் தலைகீழாகத் தொங்குகிறாயா? போன் எட்டாத இடமாகப் பார்த்துப் போய் உட்கார்ந்துகொண்டாய். உன் குரலைக் கேட்டே ஐந்து மாதம் ஆகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆட்கள் நம் வீட்டுக்குக் குடி வந்துவிட்டார்கள். காப்பகத்தில் பிள்ளைகள் தூங்கும் அறைக்கு மேலே, ஓட்டுக்கும் மரப்பலகைக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் ஒரு பெரிய வௌவால் கூட்டம். இருட்டும் நேரத்தில் ஒவ்வொன்றாக வெளியே விழுந்து பறக்கிறது. இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை. போன வாரம் இரட்டைப் பிள்ளைகளின் அம்மா வேலை முடிந்து தாமதமாக வந்தாள், பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், தெரு முழுக்கத் தமுக்கு அடித்தாயிற்று.

"ரத்தம் குடிக்கும், டீச்சர். தூங்குற பிள்ளை கழுத்துல வாய வச்சா தெரியவே தெரியாது" என்கிறாள். வங்கியில் வேலை பார்க்கும் இன்னொரு அம்மா, நன்றாகப் படித்தவள், "அதுக்குக் கண்ணே தெரியாதாமே, நேரா வந்து தலைமுடியில மாட்டிக்குமாமே" என்கிறாள். நம் ஆயா அன்றிலிருந்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் பிள்ளைகளுக்குப் புட்டிப்பால் கொடுக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று பிள்ளைகளைக் காப்பகத்துக்கு அனுப்பாமல் நிறுத்தியதும் சிரிப்பு போய்விட்டது. உரிமம் புதுப்பிக்க ஆய்வாளர் அம்மா வரும் நேரம் இது. கூரையில் வௌவால் என்று அவர் ஒரு வரி எழுதினால் காப்பகத்தை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். பன்னிரண்டு வருட உழைப்பு, உனக்குத் தெரியாததா?

ஏணி போட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். கைக்குள் அடங்குகிற அளவு, பழுப்பு நிறம். மூக்குக்கு மேலே தோல் ஓர் இலை மாதிரி மடிந்து நிற்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை. கொல்லாமல் விரட்ட வழி இருந்தால் எழுது. கொன்றுவிட்டு உன்னிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

உடம்பைப் பார்த்துக்கொள். குளிருக்குக் காதை மூடிக்கொள்.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

வாலுவின் வணக்கம். நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? ஏணியில் ஏறுகிற வயதா உங்களுக்கு? அண்ணன் காதில் போட்டால் கப்பலைத் திருப்பிக்கொண்டு வந்து நிற்பார்.

உங்கள் அம்மாமார்களிடம் இதைச் சொல்லுங்கள். ஆயிரத்து நானூறு வகைக்கு மேல் வௌவால் இருக்கிறது. அதில் ரத்தம் குடிப்பவை மூன்றே மூன்று. அந்த மூன்றும் நம் பக்கமே கிடையாது. கண் தெரியாது என்பது சுத்தப் புளுகு. எல்லாவற்றுக்கும் கண் தெரியும், பழம் தின்னும் பெரிய வகைக்கு இருட்டில் நம்மைவிட நன்றாகவே தெரியும். தலைமுடிக் கதையும் அப்படித்தான். இருட்டில் தொங்கும் நூலைக்கூட எதிரொலியை வைத்தே கண்டு விலகிப் போகிற பிராணி, வேலை மெனக்கெட்டு ஆயாவின் கொண்டையில் வந்து முட்டுமா?

அது பறவையும் இல்லை, இறக்கை முளைத்த எலியும் இல்லை. எலியின் வரிசை வேறு, வௌவாலின் வரிசை வேறு. எலியைவிட நாயும் பூனையும் குதிரையும்தான் அதற்குக் கிட்டத்துச் சொந்தம். சிறகு என்கிறோமே, அது அதன் கை. நம்மைப் போலவே ஐந்து விரல், இடையில் தோல். குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. முன்பு பெரியது ஒரு கட்சி, சின்னது ஒரு கட்சி என்று பிரித்து வைத்திருந்தோம். மரபணுவைப் பார்த்த பிறகு தெரிகிறது, சின்னதில் சிலது பெரியதுக்குத்தான் பங்காளி. உருவத்தைப் பார்த்து உறவு சொன்னால் இப்படித்தான் ஏமாறுவோம்.

விரட்டுவது சுலபம். வீட்டுக் கூரையில் சின்னதாக, பழுப்பாக இருந்தால் அது சாதாரண வீட்டு வகைதான். இந்நேரம் குட்டிகள் பறக்கத் தொடங்கியிருக்கும். நன்றாக இருட்டி, எல்லாம் இரை தேடிப் போன பிறகு இடுக்கைப் பலகை வைத்து அடைத்துவிடுங்கள். திரும்பி வந்து பார்க்கும், வேறு இடம் தேடிக்கொள்ளும். எதையும் வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள். கடித்துவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தபாலையும் எடுத்துப்போகும் சாமான் வண்டிக்காரர் ஹாரன் அடித்து உயிரை எடுக்கிறார். வீட்டுக்குள் வௌவால் வந்தால் என்ன செய்வது என்று வன இலாகாவுக்காக ஒரு கையேடு எழுதுகிறேன், சொன்னேனா? என் பெயர் போட்டு வரப்போகும் முதல் புத்தகம். முதல் பிரதி உங்களுக்குத்தான்.

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
வாலு

மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

நலமெல்லாம் பிறகு விசாரிக்கிறேன். இடுக்கை அடைக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தை இன்று மறுபடியும் எடுத்துப் படித்தேன். மூக்கில் இலை மாதிரித் தோல் என்று தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். வண்டி அவசரத்தில் நான் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். அது வீட்டு வகையே இல்லை, இலைமூக்கு. சின்னதில் சிலது பெரியதுக்குப் பங்காளி என்று மேதாவி மாதிரி எழுதினேனே, அந்தச் சிலதுதான் உங்கள் கூரையில் இருப்பது. உருவத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று உங்களுக்கு உபதேசம் செய்துவிட்டு, அதே தாளில் நானே உருவத்தைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன். என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ள வேண்டும்.

இவை இப்போதுதான் குட்டி போடும். பெண்கள் மட்டும் கூட்டமாகச் சேர்ந்து ஓர் இடத்தில் தங்கி, ஆளுக்கு ஒரே ஒரு குட்டி. ராத்திரி குட்டியை விட்டுவிட்டு அம்மா இரை தேடப் போவாள், விடிவதற்குள் திரும்பி வந்து அந்தக் கூட்டத்தில் தன் குட்டியைக் குரலை வைத்தே கண்டுபிடித்துப் பால் கொடுப்பாள். அம்மாக்கள் வெளியே போன நேரத்தில் அடைத்தால் குட்டிகள் எல்லாம் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஜூன் கடைசி வரை பொறுங்கள் அண்ணி. ஆய்வாளர் அம்மாவுக்கு வேண்டுமானால் நானே இலாகாத் தாளில் ஒரு கடிதம் எழுதித் தருகிறேன்.

எங்கள் சமையல்காரருக்குப் பல்வலி, இன்றே ஊருக்கு இறங்குகிறார். அவர் கையில் கொடுத்து விரைவுத் தபாலில் போடச் சொல்கிறேன். என் முந்தின கடிதத்தைப் பிடித்துவிட வேண்டும் இது.

உங்கள் உடம்பு எப்படி? பதில் போடுங்கள்.

வாலு

ஏப்ரல் 9

அன்பு அத்தானுக்கு,

நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இருமல் விட்டதா? எஞ்சின் அறைச் சூட்டிலிருந்து நேராகப் போய்க் குளிர்ந்த தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது?

உரிமம் கிடைத்துவிட்டது. மூன்று வருடத்துக்குக் கவலை இல்லை. இதைச் சந்தோஷமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை.

வாலுவின் முதல் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டாவது கடிதம் மறுநாளே வந்துவிட்டது. குட்டிகள் இருக்கும், ஜூன் வரை அடைக்காதீர்கள் என்று கெஞ்சி எழுதியிருந்தாள். புரிந்துதான் படித்தேன். ஞாயிறு ராத்திரி கொத்தனாரை வரவழைத்து அடைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஆய்வாளர் அம்மா வருவதாகத் தகவல். ஒரு நாள்தானே, சாயங்காலமே பலகையை எடுத்துவிடலாம், ஒரு வேளை பாலுக்குக் குட்டி செத்தா போகும் என்று நினைத்தேன். "ஆணி மட்டும் அடிங்க, பூச்சு வேணாம்" என்றேன் கொத்தனாரிடம். ஆனால் திங்கட்கிழமை அவர் வரவில்லை. "நாளைக்குக் கட்டாயம் வர்றாங்க" என்றார்கள். செவ்வாயும் வரவில்லை. இன்றைக்கு எடுத்தால் நாளைக்கு வந்துவிடுவாரே என்று பயந்து பயந்து விட்டுவைத்தேன். புதன்கிழமை மத்தியானம் வந்தார்.

திங்கட்கிழமை விடியற்காலையில் அம்மாக்கள் திரும்பி வந்தன. பலகையில் மோதவில்லை. கிட்டே வரும், திரும்பும், மறுபடி வரும். வெளிச்சம் வந்த பிறகும் போகவில்லை. உள்ளே கீச்சுக்கீச்சென்று ஒரே சத்தம். "டீச்சர், மேல ஏதோ குஞ்சு கத்துது" என்றாள் ஆயா. "ஓடு காத்துல ஆடுது, போய் வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளுக்குப் பாட்டைச் சத்தமாக வைத்தேன். செவ்வாய்க்கிழமை சத்தம் குறைந்தது. புதன்கிழமை ஆய்வாளர் அம்மா அந்த அறையில் நின்று, "எவ்வளவு அமைதியா இருக்கு, பிள்ளைங்க நல்லாத் தூங்கும்" என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

அவர் தெருமுனை திரும்பியதும் ஏணியில் ஏறிப் பலகையைப் பிடுங்கினேன். உயிரோடு ஒன்றுகூட இல்லை. வாளியில் அள்ளினேன், எண்ண மனம் வரவில்லை. ஒன்று மட்டும் பலகை வரைக்கும் ஊர்ந்து வந்து கிடந்தது. வேலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறவள் நான்.

வாலுவுக்கு என்ன எழுதுவது? அம்மா இல்லாத பிள்ளை, ஒன்பதாவது படிக்கும்போது என் கையில் கொடுத்தீர்கள். ஜுரம் வந்தால் என் மடியை விட்டு இறங்கமாட்டாள். நான் சொன்னால் அவளுக்கு வேதம். எனக்குக் கை வரவில்லை அத்தான்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
டீச்சரம்மா

ஏப்ரல் 11

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது? சமையல்காரர் பல்லைப் பிடுங்கிக்கொண்டாரா? பாவம், பல்வலி மாதிரி ஒரு வலி கிடையாது. அங்கே மழை பெய்கிறதா? இங்கே புழுக்கம் தாங்கவில்லை, பிள்ளைகளுக்கெல்லாம் வேர்க்குரு. இரட்டைப் பிள்ளைகள் திரும்ப வந்துவிட்டார்கள். பெரியவன் நடக்கிறான், சின்னவன் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு தவழ்கிறான்.

உன் இரண்டாவது கடிதம் வந்தது. ஆனால் அடைத்த பிறகுதான் வந்தது. படித்ததும் பலகையை எடுத்துப் பார்த்தேன். குட்டிகளின் உயிர் போய்விட்டிருந்தது. என்ன செய்வது, நடந்தது நடந்துவிட்டது. நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணி

மே 3

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? ராத்திரி தூக்கம் வருகிறதா? அந்தக் கோலத்தை உங்கள் கண்ணால் பார்க்க வைத்துவிட்டேனே என்று அதைத்தான் முதலில் நினைத்தேன். நான் நலம் என்று எழுதினால் பொய்.

நீங்கள் என்ன செய்வீர்கள் பாவம்? நான் சொன்னதைக் கேட்டீர்கள். குட்டி இருக்கிறதா பாருங்கள் என்று ஒரு வரி அந்த முதல் கடிதத்தில் எழுதத் தெரியவில்லை எனக்கு. எட்டு வருடம் இதே வேலை. ஒரு வௌவாலைக் கையில் கொடுத்தால் பல்லைப் பார்த்து, காதைப் பார்த்து, மூக்கைப் பார்த்து இன்ன குடும்பம், இன்ன கிளை என்று தூக்கத்தில்கூடச் சொல்வேன் என்று பீற்றிக்கொண்டவள். மூக்கு இப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதிக் கொடுத்தும் படிக்கவில்லை. வண்டிக்காரர் ஹாரன் அடித்தாராம், அதனால் அவசரமாம்.

ஒன்று கேட்கிறேன், கஷ்டமாக இருந்தால் பதில் எழுத வேண்டாம். அம்மாக்கள் திரும்பி வந்தனவா? எத்தனை நாள் வந்தன?

கையேட்டை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன். ஒரு கூட்டத்தையே கொன்றவள் ஊருக்கு என்ன புத்தி சொல்வது?

முட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
வாலு

மே 15

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுவது. நலம். நீ நன்றாக இருக்க வேண்டும். இத்துடன் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். பிள்ளைகள் தூங்கும்போது உட்கார்ந்து பின்னினேன். நீல நிறம் உனக்குப் பிடிக்குமே. கால் சூடாக இருந்தால் தூக்கம் வரும்.

அதையே நினைத்துக்கொண்டிருக்காதே. கையேட்டை எழுதி முடி. தப்பு செய்யாத மனிதர் யார்? நீ கேட்டதற்கு, நான் சரியாகக் கவனிக்கவில்லை. இடுக்கை இப்போது திறந்தே வைத்திருக்கிறேன்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணி

மே 22

என் டீச்சரம்மாவுக்கு,

நலம். இருமல் போயே போச்சு. நீ சொன்னபடி வெந்நீர்தான் குடிக்கிறேன், கப்பலில் எல்லோரும் என்னைத் தாத்தா என்கிறார்கள். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா?

துறைமுகத்தில் இரண்டு கடிதம் காத்துக்கொண்டிருந்தன, ஒன்று உன்னுடையது, இன்னொன்று வாலுவுடையது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு உனக்காக வருத்தப்பட்டேன். பிழைப்புக்குப் பயந்து செய்துவிட்டாய். உன் இடத்தில் நான் இருந்தால் கொத்தனாரைக்கூடக் கூப்பிட்டிருக்க மாட்டேன், நானே ஆணி அடித்திருப்பேன். பிறகு அவளுடையதைப் படித்தேன். "அண்ணா, என் கடிதம் ஒரு நாள் முந்தியிருந்தால் எல்லாம் பிழைத்திருக்கும்" என்று எழுதியிருக்கிறாள். உடனே உனக்கு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் எழுதிச் சொல்லிவிடலாம். ஆனால் நான் சொன்னால் அது கோள். நீ சொன்னால்தான் உண்மை. அவள் உன்மேல் கோபப்படுவாள், படட்டும். செய்யாத பாவத்தைத் தூக்கிச் சுமக்கிறாளே, அதை எப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்? சொல்லிவிடு.

உடம்பைக் கவனி. செப்டம்பரில் வருகிறேன்.

உன்
கப்பல்காரன்

ஜூன் 12

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். காலுறை வந்தது. அளவெடுத்தது மாதிரி இருக்கிறது. போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன், பிறகு தூங்கினேன். உங்கள் முட்டி தேவலையா?

ஒரு சேதி. தலைமை அதிகாரியிடம் நடந்ததை நானே சொல்லிவிட்டேன். "ஒரு தபால் தாமதத்துக்கு இவ்வளவா?" என்றார். அவருக்குப் புரியவில்லை. முகாம் வேலை வேண்டாம், தலைமை அலுவலகத்தில் கோப்பு பார்க்கிற இடம் கொடுங்கள் என்று மாற்றல் மனு கொடுத்திருக்கிறேன். வீட்டுக்காரர்கள் யோசனை கேட்டு எழுதும் கடிதங்கள் மேஜையில் கிடக்கின்றன. உறையைப் பிரிக்கவே பயமாக இருக்கிறது. எதையாவது படிக்காமல் விட்டுவிட்டுப் பதில் எழுதிவிடுவேனோ என்று. நேற்று வலையில் ஒரு பெண் வௌவால் மாட்டியது. அடிவயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் அளக்காமலே விட்டுவிட்டேன்.

ஜூலை முடிவில் உத்தரவு வந்துவிடும் என்கிறார்கள். அதன் பிறகு இந்தப் பிராணிகளின் பக்கமே போகமாட்டேன்.

நீங்கள் ஒரு வார்த்தைகூட என்னைக் குற்றம் சொல்லவில்லை. வேறு யாராவது இருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். அம்மா இருந்திருந்தால்கூட இவ்வளவு பொறுத்திருப்பாளா தெரியாது.

உங்கள்
வாலு

ஜூன் 27

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுவது. நீ நலமாக இருக்க வேண்டும் என்று மனதார நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்.

உன் இரண்டாவது கடிதம் அடைத்த பிறகு வரவில்லை. முந்தின நாளே வந்தது. சனிக்கிழமை மத்தியானம், பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குப் போன பிறகு, சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். அடைக்காதீர்கள் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தாய். குட்டிகள் உள்ளே மாட்டிக்கொள்ளும் என்றும் எழுதியிருந்தாய். எல்லாம் தெரிந்துதான் அடைத்தேன். ஆய்வாளர் அம்மா திங்கட்கிழமை வந்துவிட்டுப் போனதும் திறந்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் புதன்கிழமைதான் வந்தார். நடுவில் இரண்டு சாயங்காலம் இருந்தது. ஏணி சுவரோரம் சாத்தியே இருந்தது. உள்ளே கத்துவது கேட்டது. உரிமம் போய்விடுமே என்று நான் ஏறவில்லை.

அம்மாக்கள் வந்தனவா என்று கேட்டாய், கவனிக்கவில்லை என்று எழுதினேன். வந்தன. பலகையை எடுத்த பிறகும் வந்தன. ஐந்தாறு நாள் உள்ளே போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தன. பிறகு வரவில்லை.

உனக்கு ஏன் பொய் எழுதினேன் என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். உன் முகத்தில் விழிக்க முடியாது என்ற பயம், அவ்வளவுதான். மே மாதக் கடிதத்தில் பழியை நீயே எடுத்துப் போட்டுக்கொண்டாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். சின்னப்பெண், நாலு நாளில் மறந்துவிடுவாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ வேலையையே விடப்போகிறாய் என்று படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் அதிகாரியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. மனுவைத் திரும்ப வாங்கு. கையேட்டை முடி. என்னைத் திட்டு, பேசாமல் இரு, இந்த வீட்டுப் பக்கமே வராதே, எல்லாம் எனக்குத் தகும். அடுத்த வருடம் அவை திரும்ப வருமா? தெரிந்தால் அதை மட்டுமாவது எழுது. என்னை மன்னிக்க முடியுமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதக்கூட இப்போது கூச்சமாக இருக்கிறது.

அண்ணி

ஆகஸ்ட் 9

அண்ணிக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். ஒன்றில் அசிங்கமாகத் திட்டியிருந்தேன். நல்லவேளை, வண்டி அன்றைக்கு வரவில்லை.

மாற்றல் மனுவைத் திரும்ப வாங்கிவிட்டேன். உங்கள் கடிதத்தை அதிகாரியிடம் காட்டவில்லை. அது நம் வீட்டு விஷயம். கையேடு அச்சுக்குப் போயிருக்கிறது. அடைப்பதற்கு முன்னால் குட்டி இருக்கிறதா என்று பாருங்கள், தெரியாவிட்டால் அடைக்காதீர்கள் என்று முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். மேஜையில் கிடந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்துவிட்டு. முதல் கடிதத்தில் மூக்கை நான் கவனிக்காதது என் தப்புதான். அது இனி அந்த அளவோடு நிற்கும்.

அடுத்த வருடம் வருமா என்று கேட்டிருந்தீர்கள். தெரியாது. பழகிய இடத்துக்குத் திரும்பி வருவதும் உண்டு, ஒரேயடியாக விட்டுப் போவதும் உண்டு. இடுக்கைத் திறந்தே வைத்திருங்கள். அடுத்த ஆய்வுக்கு நான் ஒரு கடிதம் எழுதித் தருகிறேன்.

நீங்கள் அடைத்தது எனக்குப் புரிகிறது. காப்பகம் போனால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பயத்தில் மனிதர்கள் இதைவிட மோசமாகவும் செய்கிறார்கள், பார்த்திருக்கிறேன். புகை போடுகிறார்கள், கொளுத்துகிறார்கள். அதை ஒருநாள் மன்னித்துவிடுவேன் என்றுகூடத் தோன்றுகிறது. நான் அழுதுகொண்டே எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு, உட்கார்ந்து எனக்குக் காலுறை பின்னினீர்களே, அதைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அண்ணன் வரும்போது நானும் வரலாம் என்று முன்பு நினைத்திருந்தேன். இந்தத் தடவை வேண்டாம்.

இந்த மூன்று மாதமும் ராத்திரியில் படுத்தால் அந்தக் குட்டிகள்தான் நினைவுக்கு வந்தன. உடனே உங்களை நினைத்துக்கொள்வேன், பிறகுதான் தூக்கம் வரும். தப்பு என்னுடையது என்று இருந்தவரைக்கும், போய்ச் சொல்லி அழ எனக்கு ஓர் அண்ணி இருந்தாள். உண்மையைச் சொல்லி என் வேலையை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். இதை இனி நான் யாரிடம் போய்ச் சொல்லி அழுவேன் அண்ணி?

வாலு